பழைய டிராக்டர் வாங்குமுன் எஞ்சினைக் கவனியுங்கள்

கரிசல் நிலத்தில் மானாவாரிப் பயிர் செய்யும் உழவருக்கு ஆண்டில் மிகவும் விலை மதிப்புள்ள நாட்கள் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வரும் ஒரு பத்து நாட்களே ஆகும். மண் காய்ந்திருந்தால் கட்டி உடையாது. நன்றாக நனைந்துவிட்டால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை உள்ளே விடாது. இவ்விரண்டுக்கும் இடையில் உழவுப் பதம் என்று நாம் சொல்லும் நிலை மூன்று நாள் இருக்கலாம், ஐந்து நாள் இருக்கலாம். அந்த நாட்களில் டிராக்டர் ஓட வேண்டும். மற்ற நாட்களில் அது நின்றால் பட்டறைச் செலவு மட்டுமே. அந்த நாட்களில் நின்றால் ஓர் ஆண்டின் மகசூலே போய்விடும்.

பயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் எஞ்சினைப் பற்றி எழுதுவதேன் என்று சிலர் கேட்கக்கூடும். கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி எது பயிரானாலும், விதைப்பு எத்தனை நாள் தள்ளிப்போயிற்று என்பதே பிற்பாடு மகசூலைப் பெரிதும் முடிவு செய்கிறது. தள்ளிப்போனதற்குக் காரணம் கேட்டால், மழை என்று சொல்பவர்களுக்கு அடுத்தபடியாக, ‘வண்டி நின்றுவிட்டது’ என்று சொல்பவர்களையே அதிகம் சந்திக்கிறேன். அவர்களுள் பலர் வைத்திருப்பது கைமாறி வந்த பழைய டிராக்டர்.

என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். புதியம்புத்தூருக்கு மேற்கே அவருக்கு ஏழு ஏக்கர் கரிசல் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதத்தில் தரகர் மூலம் ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். பெயிண்ட் புதிது, டயர் பாதிக்கு மேல் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ‘அண்ணாச்சி, எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, சத்தத்தைக் கேளுங்க’ என்றார் தரகர். சத்தத்தைக் கேட்டோம், டீ குடித்தோம், முன்பணம் கொடுத்தோம். சித்தி தன் சங்கிலியை அடகு வைத்த பணம் அது.

புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை பெய்தது. நான்காம் நாள் பதம் வந்தது. இரண்டரை ஏக்கர் உழுததும் வண்டி நீலப்புகை கக்கி, இழுவை குறைந்து, வரப்போரமாக நின்றது. பட்டறைக்காரர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ‘லைனர் நாலும் தேய்ந்திருக்கு, மண்ணைத் தின்னுருக்கு’ என்றார். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. வெடிப்பின்மேல் உரச்சாக்குக் கிழிசலைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாடகை வண்டி கிடைத்து மீதி நாலரை ஏக்கரில் உளுந்து போடப் பதினோரு நாள் ஆயிற்று. முதலில் விதைத்த துண்டில் காய் பிடித்தது. பிந்தி விதைத்த துண்டு பூத்த சமயத்தில் மழை ஓய்ந்துவிட்டது. எம்.எஸ்சி. வேளாண்மை படித்த நானும் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்த ஹோஸைக் கையால் தொட்டுப் பார்த்திருந்தால் போதும்.

எப்போது வாங்குவது, எங்கிருந்து வந்த வண்டி

பழைய டிராக்டரை ஆடி, ஆவணியில் வாங்குவதுதான் முதல் தவறு. விதைப்பு நெருங்கும்போது எல்லோரும் தேடுவதால் விலை ஏறும். அதைவிட முக்கியம், கோளாறு தெரியவந்தால் சரி செய்ய நாள் இருக்காது. அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வாங்குங்கள். சித்திரையில் கோடை உழவை அந்த வண்டியைக் கொண்டே செய்யுங்கள். காய்ந்த கரிசலில் கோடை உழவைவிடக் கடுமையான பரீட்சை எஞ்சினுக்கு வேறில்லை. அதில் தோற்றால் புரட்டாசிக்குள் போர் வேலை செய்துகொள்ள நான்கு மாதம் கையில் இருக்கும்.

வண்டி முன்பு எங்கே, என்ன வேலை பார்த்தது என்று விசாரிப்பது அவசியம். தாமிரபரணிப் பாசனத்தில், ஸ்ரீவைகுண்டம் பக்கம் நஞ்சையில் தொழி உழவு செய்த வண்டியானால், அது தூசியை அதிகம் சுவாசித்திருக்காது. ஆகவே எஞ்சின் நல்ல நிலையில் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் பிரேக்கிலும் சக்கர பேரிங்கிலும் பின்பக்க ஆயிலிலும் சேற்று நீர் புகுந்திருக்கலாம். கரிசலிலும் செம்மண்ணிலும் கோடை உழவு உழுத வண்டியில் நிலைமை நேர்மாறு. அதன் எஞ்சினைத்தான் சந்தேகிக்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த வண்டியானால் ரேடியேட்டர், டீசல் டாங்க், மின்கம்பி இணைப்புகள், அடித்தகடு இவற்றை உப்பு அரித்திருக்கும். பெயிண்டுக்கு அடியில் சுரண்டிப் பாருங்கள். செங்கல் சூளைக்கும் தண்ணீர் டாங்கருக்கும் டிரெய்லர் இழுத்த வண்டியில் கிளட்சும் கியரும் முதலில் போயிருக்கும்.

மணி மீட்டர் காட்டும் கணக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது. பழைய மாடல்களில் இது ஒரு கேபிளால் ஓடுவது. கேபிளைக் கழற்றினால் மீட்டர் நிற்கும், வண்டி ஓடும். மேலும் இவ்வகை மீட்டர் எஞ்சினின் சுற்று வேகத்தைப் பொறுத்து ஓடுவதால், மெதுவாக ஓடிய மணி அதில் குறைவாகவே பதியும். 1,800 மணி என்று மீட்டர் காட்டும் வண்டியில் கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, கலப்பை மாட்டும் துளை நீள்வட்டமாகப் போயிருந்தால், மீட்டரைவிட அந்தத் துளை சொல்வதே உண்மை.

விடியற்காலையில் போங்கள்

நாம் போவதற்கு முன் எஞ்சினைச் சூடேற்றி வைப்பது பழைய வண்டி விற்பவர்களில் பலர் செய்யும் வேலை. தேய்ந்த எஞ்சினும் சூடேறிய பின் எளிதில் கிளம்பும். புகையும் குறையும். ஆகவே விடியற்காலையில், முடிந்தால் சொல்லாமல், போய்ச் சேருங்கள். முதல் வேலையாக எஞ்சின் பிளாக்கின்மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடலாம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை 16 முதல் 18 பங்கில் ஒரு பங்காக நெருக்கும்போது அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் பீச்சும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருந்தாலும், வால்வு சரியாக உட்காராவிட்டாலும், நெருக்கும்போது காற்று ஒழுகிப்போய் அந்தச் சூடு வராது. அதனால்தான் காலைக் குளிரில் கிளம்பத் தகராறு செய்கிறது. நம் பகுதியில் மார்கழிக் காலையிலும் அப்படியொன்றும் குளிர் கிடையாது. எனவே ‘குளிருக்கு அப்படித்தான் இருக்கும்’ என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. பேட்டரி நல்லதாயிருந்தும் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டியிருந்தால் காரணம் கேட்க வேண்டும். கம்ப்ரெஷன் குறைவு, டீசல் குழாயில் காற்று புகுதல், நாசில் கோளாறு ஆகிய மூன்றில் ஒன்று இருக்கும். பின்னிரண்டும் சிறு செலவு, முதலாவது பெருஞ்செலவு.

மூன்றில் எது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு, டீசல் போகாதபடி ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றச் சொல்லி உன்னிப்பாகக் கேளுங்கள். எல்லா சிலிண்டரும் நன்றாக இருந்தால் உலக்கை குத்துவதுபோல் ஒரே சீரான தாளம் கேட்கும். இடையில் ஒரு குத்து மட்டும் இலேசாகத் துள்ளிப் போனால் அந்த சிலிண்டரில் கம்ப்ரெஷன் இல்லை. மெக்கானிக்கிடம் அளவுமானி இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எஞ்சினைத் திறக்காமல் தீராது.

எஞ்சினைக் கொல்வது தூசி

டிராக்டர் எஞ்சின் நம் பகுதியில் விரைவில் தேய்வதற்கு முதற்காரணம் தூசியே ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. ஒரு மணி நேரத்தில், பத்தடி நீள அகல உயரமுள்ள அறைகள் நான்கில் அடங்கும் காற்று! அதுவும் கோடை உழவின்போது வண்டியைச் சூழ்ந்து நிற்கும் புழுதிக் காற்று. அந்தப் புழுதியில் களிமண் தூளுடன் நுண்மணலும் இருக்கிறது. மணல் இரும்பை அராவும் அளவுக்குக் கடினமானது. தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்களே ரிங்குக்கும் லைனருக்கும் இடையிலுள்ள ஆயில் படலத்தில் புகுந்து இரண்டையும் உப்புத்தாள்போல் தேய்க்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசியால் கேடு அதிகம்.

இதைத் தடுப்பது ஏர் கிளீனர் ஒன்றுதான். பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஆயில் கிண்ணமுள்ள ஏர் கிளீனர் இருக்கும். காற்று மேலிருந்து இறங்கி ஆயிலில் மோதித் திரும்பும்போது தூசி ஆயிலில் தங்கிவிடும். மீதியை மேலே உள்ள கம்பி வலை பிடித்துக்கொள்ளும். கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் களிம்புபோல் மண் படிந்து, குறியிட்ட கோட்டுக்குக் கீழே ஆயில் இருந்தால், அந்த உரிமையாளர் எஞ்சினை எப்படிப் பராமரித்தார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கழிவு ஆயிலையே கிண்ணத்தில் ஊற்றுபவர்களும் உண்டு. கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் தவறு. அந்த ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கத் தொடங்கினால் வேகம் கட்டுக்கடங்காமல் போகும்.

அடுத்து, நாங்கள் செய்யத் தவறிய வேலை. ஏர் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள். கிளிப்பைத் தளர்த்திக் கழற்றி, எஞ்சின் பக்கக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஏர் கிளீனரைத் தாண்டிய இடம் அது. அங்கே தூசி இருக்கவே கூடாது. துணியில் சாம்பல் நிறப் புழுதி ஒட்டினால் அந்த எஞ்சின் மண்ணைத் தின்றிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஐந்து நிமிடமும் போதும். இதைச் செய்ய விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வண்டி வாங்க வேண்டாம்.

புதிய மாடல்களில் காகித ஃபில்டர் வருகிறது. அதைக் காற்றடிக்கும் கம்ப்ரெஸரில் வேகமாக ஊதிச் சுத்தம் செய்வதால் காகிதம் கிழிந்துவிடும். ஃபில்டரை வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் கிழிசல் தெரியும்.

புகையும் மூச்சும்

எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் வாயில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடியுங்கள். இலேசாக அசைந்தால் சரி. குப்குப்பென்று புகை வந்து காகிதத்தைத் தள்ளினால், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள். பட்டறைக்காரர்கள் ‘எஞ்சின் மூச்சு விடுது’ என்பது இதைத்தான். பிரீதர் குழாயின் முனையில் ஆயில் சொட்டிய கறை, அதைச் சுற்றிப் பிசுபிசுப்பான புழுதி ஆகியனவும் இதன் அடையாளங்களே. பார்க்கும்போது தோள் துண்டை எடுத்து வைத்துவிடுங்கள். வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். விசிறியும் பி.டி.ஓ. தண்டும் துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்தே இழுக்கும்.

புகையின் நிறத்தைப் பலரும் அறிவீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கருப்பு, டீசல் முழுதும் எரியவில்லை. நாசில், அடைபட்ட ஏர் கிளீனர் அல்லது பம்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்திருப்பது காரணமாகலாம். நீலம், ஆயில் எரிகிறது. வெள்ளை, எரியாத டீசல் ஆவி அல்லது தண்ணீர். கிளம்பிய ஒரு நிமிடம் வெள்ளையாக வந்து மறைந்தால் கவலையில்லை. வேகம் கூட்டும்போது கொஞ்சம் கருப்பு வந்து உடனே தெளிந்தாலும் குற்றமில்லை. மறையாத நீலத்துக்குத்தான் அஞ்ச வேண்டும்.

டீசல் பம்பில் தொழிற்சாலை வைத்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லரில் அதிகப் பாரம் இழுப்பதற்காக முத்திரையை உடைத்து டீசல் அளவைக் கூட்டுவது உண்டு. அப்படி ஓட்டிய எஞ்சின் விற்கும் நாளில் பலசாலிபோல் தோன்றும். ஆனால் அளவுக்கு மீறிய சூட்டில் பிஸ்டனும் வால்வும் ஏற்கெனவே பாதி ஆயுளை இழந்திருக்கும்.

ஆயில் சொல்லும் செய்தி

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எஞ்சின் கிளப்பும் முன்பே உருவிப் பாருங்கள். டீசல் எஞ்சினில் ஆயில் கருப்பாக இருப்பது இயல்பு. அதில் பயமில்லை. மோர் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், லைனரின் அடி ரப்பர் வளையம் ஒழுகலாம், ஹெட்டே விரிசல் விட்டிருக்கலாம். அளவு கோட்டுக்கு மேலே ஏறி, நீர்த்து, டீசல் வாடை அடித்தால் பம்பு அல்லது நாசில் வழியாக டீசல் இறங்குகிறது. விரலில் தேய்த்து வெயிலில் பார்க்கும்போது மினுமினுத்தால் உலோகம் தேய்கிறது.

ஆயில் பொன்னிறமாகப் புத்தம் புதிதாக இருந்தாலும் நான் மகிழமாட்டேன். விற்பதற்கு முன்தினம் பழைய ஆயிலோடு சாட்சியத்தையும் கொட்டியிருக்கலாம். தேய்ந்த எஞ்சினின் தட்டல் சத்தத்தையும் மூச்சையும் அமுக்க, தடித்த கியர் ஆயிலைக் கலந்து ஊற்றுவதும் நடக்கிறது. கம்பியிலிருந்து சொட்டும்போது தேன்போல் நூலிழுத்தால் சந்தேகப்படுங்கள். இந்த வேஷம் எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரைதான் நிற்கும். ஒரு மணி நேரம் வேலை வாங்கிய பின், மெதுவாக ஓடவிட்டு ஆயில் அழுத்த மானியைப் பாருங்கள். முள் அடியில் படுத்துக்கொண்டால், அல்லது சிவப்பு விளக்கு மினுக்கினால், கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கலாம். மானி வேலை செய்யவில்லை என்று சொன்னால் வேறொரு மானியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். சிறு செலவில் மாற்றக்கூடிய மானியை விற்பவர் ஏன் மாற்றவில்லை என்று யோசியுங்கள்.

கழுவித் துடைத்த எஞ்சினில் ஒழுகல் தெரியாது. வேலை முடிந்ததும் அடியில் குனிந்து பாருங்கள். எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில், கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் ஒரு பிளவு ஊசியும் இருக்கும். அங்கே ஆயில் சொட்டினால் பெரும்பாலும் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கும். சீலின் விலை அற்பம். ஆனால் அதை மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர்?

இது நம் பகுதிக்கே உரிய தொல்லை. ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் பல கிணறுகளிலும் ஆழ்துளைகளிலும் தண்ணீர் உவர்ப்பு. பயிருக்கே ஆகாத அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். கொதிக்கும் பாத்திரத்தில் படிவதுபோல் உள்ளே சுண்ணாம்புப் படலம் படிகிறது. அந்தப் படலம் சூட்டை வெளியே விடாது. உப்பு, லைனரின் வெளிப்புறத்தையும் ரேடியேட்டர் குழாய்களையும் அரித்துத் துளை போடுகிறது. இப்படிப்பட்ட எஞ்சின் காலை நேரத்தில் வீட்டு வாசலில் ஓடும்போது எந்தக் குறையும் காட்டாது. மதிய வெயிலில் கலப்பையை இறக்கியதும் கொதிக்கும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்து முகம் வெந்தவர்கள் பலர். உட்புறம் வெள்ளை அல்லது துருப் படிவு இருக்கிறதா, தண்ணீரின்மேல் ஆயில் மிதக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினைக் கிளப்பி, தண்ணீரைச் சில நிமிடம் கவனியுங்கள். விடாமல் குமிழி வந்துகொண்டிருந்தால் ஹெட் கேஸ்கட் வழியாக வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. பச்சை அல்லது சிவப்பு நிறக் கூலண்ட் ஊற்றிப் பராமரித்த வண்டியானால், உரிமையாளர் விவரம் தெரிந்தவர் என்று சற்று நம்பிக்கை கொள்ளலாம்.

கலப்பையை மாட்டி உழுது பாருங்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் செய்தும், கலப்பை மாட்டாமல் வண்டி வாங்குவது, மாட்டை ஏரில் பூட்டிப் பார்க்காமல் பல்லை மட்டும் எண்ணி வாங்குவதற்கு ஒப்பாகும். ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி, காய்ந்த நிலத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் உழ வேண்டும். டீசல் நம் செலவு என்று முன்பே சொல்லிவிட்டால் விற்பவர் மறுக்க மாட்டார். டாங்கை விளிம்புவரை நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

உழும்போது கலப்பையைச் சற்று ஆழமாக இறக்கினால் எஞ்சின் ஒரு கணம் திணறி, பிறகு கவர்னர் டீசலைக் கூட்டிக் கொடுக்க, மீண்டும் பழைய வேகத்துக்கு வர வேண்டும். வராமல் இறங்கிக்கொண்டே போனால் சக்தி இல்லை. சூடு மானி அரை மணி நேரத்தில் ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். ஏறிக்கொண்டே போகக் கூடாது. தட்டல் சத்தம் பாரம் ஏறும்போது மட்டும் கேட்டால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு மணி முடிந்ததும் டாங்கை மறுபடியும் அதே விளிம்புவரை அளவு கேனால் நிரப்புங்கள். நல்ல டீசல் எஞ்சின் ஒரு குதிரைத் திறனை ஒரு மணி நேரம் கொடுக்கச் சுமார் 200 கிராம் டீசல் எடுக்கும். 35 குதிரைத் திறன் வண்டி பாதிப் பாரத்தில் உழுவதாகக் கொண்டால் சுமார் 3 1/2 கிலோ, அதாவது 4 லிட்டரை ஒட்டி வரும். மண்ணையும் ஆழத்தையும் பொறுத்துக் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் அதே உழவுக்கு 6 லிட்டர் போனால் அது எஞ்சினின் குற்றம். மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும், ஆந்திராவில் கார்லதின்னேயிலும் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையங்கள் டிராக்டர் மாடல்களைச் சோதித்து அறிக்கை தருகின்றன. புத்னி நிலையம் 1955 முதல் இயங்குகிறது. நீங்கள் வாங்கப்போகும் மாடலின் அறிக்கை கிடைத்தால், புதிதாக இருந்தபோது எவ்வளவு டீசல் எடுத்தது என்பதை ஒப்பிடலாம்.

உழவு முடிந்து சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி கிளப்புங்கள். சூட்டில் கிளம்பாத வண்டி சிலவுண்டு. பம்பு உள்ளே தேய்ந்திருப்பதன் அடையாளம் அது.

இந்தச் சோதனைகளுக்கு உங்கள் ஊர் மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள், தரகர் காட்டும் மெக்கானிக்கை அல்ல. அவருக்கு ஒரு நாள் கூலியை, வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கொடுத்துவிடுங்கள். வாங்கினால்தான் கூலி என்றால் அவர் கண்ணுக்கும் குறை தெரியாது.

குறை இருந்தால் வாங்கவே கூடாதா?

அப்படியில்லை. போர் வேலைக்கு வந்த எஞ்சினையும் வாங்கலாம், அதற்குரிய விலைக்கு. விற்பவர் 3 இலட்சம் கேட்கிறார் என்றும், லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றிக் கூலியும் சேர்த்து 80 ஆயிரம் ஆகும் என்று பட்டறை சொல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பிரித்த பின் தெரியவரும் வேலைக்கு இன்னும் 20 ஆயிரம் ஒதுக்கி, 2 இலட்சத்துக்குப் பேசுவதே முறை. கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ இரண்டு பட்டறையில் கேட்டு வைத்துக்கொண்டு பேரத்துக்கு உட்காருங்கள். என் அபிப்பிராயத்தில், குறை மறைக்கப்பட்ட ‘நல்ல’ வண்டியைவிட, குறை தெரிந்து விலை குறைத்து வாங்கிய வண்டி மேல்.

ஏற்கெனவே போர் வேலை செய்ததென்றால், கிராங்கை எத்தனை முறை கடைந்தார்கள் என்று கேளுங்கள். கடைசல் ஒவ்வொரு முறையும் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பத்தாகக் குறையும். பத்து, இருபது, முப்பது என்று பட்டறையில் சொல்வார்கள். முப்பதைத் தொட்ட கிராங்க்குக்கு இனிப் பெரும்பாலும் வாழ்வில்லை. அடுத்த முறை புதுக் கிராங்க்தான்.

உதிரிப் பாகம் பக்கத்து ஊரில் கிடைக்கும் மாடலாக இருப்பது நல்லது. எச்.எம்.டி. நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. அவ்வாறு நின்றுபோன மாடல்களில் உறுதியான வண்டிகளும் உண்டு. ஆனால் புரட்டாசி மாதத்தில் ஒரு கேஸ்கட்டுக்காக நான்கு ஊர் அலைய முடியாது. மாறாக, 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி வந்திருக்கிறது. அதற்குப்பின் வந்த அவ்வகை வண்டிகளில் டீசல் செலுத்துவதை மின்னணுக் கருவி கட்டுப்படுத்துகிறது. அவற்றை வாங்குவதானால், கம்ப்யூட்டரை இணைத்துக் கோளாறு பார்க்கும் வசதியுள்ள பட்டறையில் காட்டிய பின்பே வாங்க வேண்டும். அவற்றில் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கம் கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஐந்து ஏக்கருக்குக் குறைவாக வைத்திருந்து, வெளி வாடகைக்கும் ஓட்டப்போவதில்லை என்றால், சொந்த வண்டி தேவைதானா என்பதையும் ஒருமுறை எண்ணிப்பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கலப்பைகளையும் வாடகைக்கு அளிக்கிறது. பதம் வரும் நாளில் எல்லோரும் கேட்பார்கள் என்பது உண்மைதான். முன்பருவ விதைப்பு செய்பவர்களுக்கு, மழைக்கு முன்பே உழவும் விதைப்பும் முடிந்துவிடுவதால், அந்த நெருக்கடி குறைவு.

பத்திரங்களும் முதல் வாரமும்

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். எண்ணின்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எண் வேறாக இருந்தால் எஞ்சினையே மாற்றியிருக்கிறார்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் முழுப் பணம் தர வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முதல் பதிவுக்கு 15 ஆண்டு முடிந்த வண்டியானால், பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு.

வண்டி வீடு வந்து சேர்ந்ததும், விற்பவர் என்ன சொல்லியிருந்தாலும், எஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் இரண்டு டீசல் ஃபில்டர்களையும் மாற்றிவிடுங்கள். ஏர் கிளீனர் கிண்ணத்தை டீசலில் கழுவிப் புது ஆயில் ஊற்றுங்கள். அதன் ரப்பர் ஹோஸையும் கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். ரேடியேட்டரை அலசிக் கூலண்ட் நிரப்புங்கள். பிறகு ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் ஓடிய மணி, ஊற்றிய டீசல், குறைந்த ஆயில் மூன்றையும் எழுதி வாருங்கள். கோடை உழவில் 50 மணி ஓடியதும் அந்த நோட்டை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்த 50 மணியில் ஆயில் கோடு கீழ்க்குறி வரை இறங்கியிருந்தால், ஆனி மாதத்துக்குள் எஞ்சினைத் திறந்துவிட வேண்டும்.